றேடியோவுக்கு முன்னால் இருப்பது யார்?



இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரம் எங்கள் ஊர் வீடுகளில் ஓர் அமைதி விழுந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடுப்படியில் நிற்பவர் அகப்பையும் கையுமாகக் கதவடிக்கு வருவார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய் என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். கொழும்பில் வேலை செய்தவரும் மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டவரும் யாழ்ப்பாணத்துச் சாவை அப்படித்தான் அறிந்தார்கள். அந்த அறிவித்தலுக்குக் காசு கட்டவேண்டும். செத்தவீட்டில் ஆயிரம் செலவு இருந்தும் அந்தக் காசைக் கொடுக்கச் சனம் பின்நிற்கவில்லை. உறவுகள் அந்த நேரம் றேடியோவுக்கு முன்னால் இருப்பார்கள் என்பது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்துக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

இந்த மாதம் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது, “எங்களுக்கென்று வானொலியில் ஒரு நிகழ்ச்சி வேண்டும்” என்ற கோரிக்கையை அடிக்கடி கேட்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள், காணிப் பிரச்சினை, நுண்கடன், பிள்ளைகளின் படிப்பு எனப் பேச எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: “ஆராவது நிதி தந்தால் செய்யலாம்.” முதலில் நிதி, பிறகு நிகழ்ச்சி, நேயர் தானாக வருவார் என்று நினைக்கிறோம். வானொலியின் வரலாற்றைப் பார்த்தால் ஒழுங்கு மறுவளமாக இருக்கிறது. கேட்பவரை முதலில் தேடிப்போன வானொலிக்குத்தான் கேட்பவரும் பெருகினார்கள், காசும் வந்தது.

எங்கள் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. 1950 இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையை ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவைத்தார். மக்களுக்கு எது நல்லது என்பதை அவரே தீர்மானித்தார். மக்களோ றேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1952 டிசெம்பரில் ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அதை நடத்திய அமீன் சயானி 2024 இல்தான் காலமானார். முதல் ஒலிபரப்புக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன என்றும், பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியது என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிதங்களை வெறும் பாராட்டு என்று நினைக்க வேண்டாம். எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று பிரித்து எண்ணினால் அதுவே நேயர் ஆய்வு. பற்பசைக் கொம்பனிக்கு அந்தச் சாக்குமூட்டைகளைக் காட்டினால் போதும், விளம்பரக் காசு வரும். பின்னர் கடிதங்களோடு, ஊர் ஊராக உருவான நேயர் சங்கங்களின் தெரிவுகளையும் சேர்த்துப் பாட்டுகளுக்கு வரிசை போட்டார்கள். தமிழ்ச் சேவையிலும் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை அனுப்பிவிட்டுப் பெயர் வருமா என்று காத்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த அட்டைகள் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து குவிந்தன. இலங்கை வானொலிக்கு அங்கே அவ்வளவு நேயர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கடிதத்துக்கு ஒரு குறையும் உண்டு. எழுதத் தெரிந்தவர், முத்திரைக்குக் காசு உள்ளவர், எழுத நேரம் உள்ளவர் ஆகியோரின் குரல்தான் அதில் வரும். தபால் ஓடாத ஊரின் நேயர் அதில் இல்லவே இல்லை.

எங்கள் நிலை அதுதான். 1990 இற்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்டோம். மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தி ஓய்ந்துவிடும். அடுத்தவர் வந்து பிடிப்பார். உலகத்தில் இதைவிடப் பக்தியுள்ள நேயர்கள் எந்த வானொலிக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். (தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியோடு நின்றுபோனது.)

ஆனால் அந்தச் சைக்கிள்களை எண்ணியது யார்? ஒரு சரியான நேயர் கணிப்பீட்டுக்கு முதலில் குடிசன மதிப்பீடு வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை வீடு, எத்தனை பெண்கள், எந்த வயதினர் என்று தெரிந்தால்தான் மாதிரிக்கு வீடுகளைத் தெரிவுசெய்ய முடியும். 1981 இற்குப் பிறகு 2001 இல் எடுத்த மதிப்பீடு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாண மாவட்டம் அதில் இல்லை. முழு நாட்டுக்குமான அடுத்த மதிப்பீடு 2012 இல்தான் வந்தது. இடையில் முப்பத்தொரு வருடம். 1998 இல் சூரியனும் சக்தியும் தொடங்கித் தனியார் தமிழ் வானொலிகள் போட்டிபோட்ட நாட்களில், விளம்பரக்காரரின் கையில் எங்களைப் பற்றிய நம்பத்தக்க கணக்கு எதுவும் இருக்கவில்லை. கணக்கில் இல்லாதவருக்காக யார் நிகழ்ச்சி செய்வார்?

எண்ணிக்கைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு இன்னொன்றைச் சொல்கிறேன். வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் ஏறக்குறைய 89,000 பேர் என்று 2010 இல் அரச தரப்பிலிருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. அந்த இலக்கம் கூடவா குறையவா என்ற வாதம் இருக்கட்டும். அதற்குப் பிறகு எழுதப்பட்ட எத்தனையோ திட்ட முன்மொழிவுகளில் முதல் வரியே அந்த இலக்கந்தான். ஆனால் அந்தப் பெண்களின் வீட்டில் றேடியோ எந்த நேரம் பாடுகிறது என்று மட்டும் கேட்கத் தவறினார்கள்.

சில வருடங்களுக்கு முன் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்காக ஒரு வானொலி நிகழ்ச்சி நிதி உதவியோடு போனது. யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. நல்ல விடயங்கள், நல்ல குரல்கள். கிழமை நாட்களில் காலை பத்தரைக்குப் போனது. வேறு வேலையாக வலிகாமத்தில் ஒரு ஊருக்குப் போயிருந்தபோது அங்குள்ள ஒரு அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னா: “தங்கச்சி, பத்தரைக்கு நான் வெங்காயத் தோட்டத்தில எல்லோ நிப்பன். றேடியோ வீட்டில ஆச்சியோட கிடக்கும். ஆச்சிக்குக் காது கேளாது.”

அந்தத் திட்டத்தின் அறிக்கையில் எத்தனை நிகழ்ச்சி ஒலிபரப்பப்பட்டது என்று இருந்தது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று இல்லை. திட்டக் காலம் முடிந்தது, நிகழ்ச்சியும் நின்றது. ஏன் நின்றது என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. நிதி தந்தவர்களுக்கு அது போதுமான பதில். உண்மையில் அந்தப் பெண்கள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

நேரம் மட்டுமல்ல, பெயரும் ஆளைத் தள்ளிவைக்கும். இலங்கை வானொலியில் ‘பூவும் பொட்டும்’ என்று ஒரு மங்கையர் நிகழ்ச்சி இருந்தது. பலருக்கு இனிய நினைவு அது. அந்தத் தலைப்பு வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. ஆனால் பூவையும் பொட்டையும் ஊர் பறித்துக்கொண்ட ஒருத்தி அந்தப் பெயரைக் கேட்கும்போது, இது எனக்கல்ல என்று ஒரு கணம் நினைத்திருக்க மாட்டாளா? இதை அறிய ஆயிரம் வீட்டுக் கணிப்பீடு தேவையில்லை. பத்துப் பேரோடு இருந்து கதைத்தால் போதும்.

கதைப்பதும் ஆய்வுதான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் எனக்குப் பிடித்துப்போன ஒரு பெயர் ஹேர்ட்டா ஹெர்சொக். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பெண். அங்கே பகல் நேரத்தில் வானொலித் தொடர் நாடகங்கள் போகும்; வீட்டுவேலை செய்தபடி பெண்கள் கேட்பார்கள்; படித்தவர்கள் அதைப் பார்த்து நையாண்டி செய்வார்கள். ஹெர்சொக் நூறு பெண்களிடம் போய், இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். 1941 இல் அது வெளியானது. சிலர் நாடகத்தோடு சேர்ந்து அழுது தங்கள் பாரத்தை இறக்கினார்கள். சிலர் தங்களுக்கு வாய்க்காத வாழ்க்கையை அதில் வாழ்ந்தார்கள். இன்னும் சிலர், கணவனோடும் பிள்ளையோடும் துயரத்தோடும் எப்படி நடந்துகொள்வது என்று அதிலிருந்து படித்தார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதோடு நின்றிருந்தால் இந்த மூன்றும் வெளியே வந்திராது. சமையலறைப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததை ஒரு பெண் அறிவாக எழுதிவைத்தாள் என்பதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பெரிது.

உயிரோடு சம்பந்தப்பட்ட உதாரணமும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 1994 இல் பி.பி.சி. ‘புதிய வீடு, புதிய வாழ்வு’ என்ற நாடகத்தைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் கிராமங்களுக்குப் போய்ச் சனத்தின் பிரச்சினைகளைக் கேட்டுவந்து கதாசிரியர்களிடம் கொடுத்தார்கள். கதைக்குள் கண்ணிவெடி வந்தது. பின்னர் செய்த மதிப்பீட்டில், நாடகத்தைக் கேட்காதவர்கள் கண்ணிவெடியில் சிக்கிய விகிதம் கேட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. முகமாலையையும் கிளாலியையும் தெரிந்த எங்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. நிதி கொடுப்பவரிடம் இப்படி ஒரு தகவலோடு போவதற்கும், “நூறு நிகழ்ச்சி செய்தோம்” என்று போவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இனிக் காசு விடயம். வெளியாரின் நிதி இல்லாமல் நேயரே வானொலியைத் தாங்க முடியுமா? 1949 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரத்தில் கே.பி.எவ்.ஏ. என்ற வானொலி தொடங்கியது. அதை உருவாக்கிய லூயிஸ் ஹில், உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். விளம்பரம் வேண்டாம், நேயர் சந்தா தரட்டும் என்றார். எல்லோரும் தரமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் தந்தால் போதும் என்று கணக்குப் போட்டார். அந்த வானொலி இன்றும் ஒலிக்கிறது. எங்களுக்கு இது புதுமை அல்ல. சோறு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாகப் போட்டு வைத்து, அந்தப் பிடியரிசியில் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சுவர் எழுப்பிய ஊர்கள் எங்களுடையவை.

அமெரிக்கப் பொது வானொலிகள் அதற்குப் பிறகு இதை ஒழுங்காக ஆராய்ந்தன. ஒரு வாரம் முழுக்க எதை எப்போது கேட்டோம் என்று நாட்குறிப்பில் எழுதிய நேயர்களைத் திரும்பத் தேடிப்போய், நீங்கள் காசு கொடுத்தீர்களா, ஏன் என்று கேட்டார்கள். டேவிட் ஜியோவனோனி என்பவர் முன்நின்று செய்த ‘ஓடியன்ஸ் 88’, ‘ஓடியன்ஸ் 98’ ஆகிய ஆய்வுகளில் வெளிவந்த முக்கிய விடயம் இது. அடிக்கடி கேட்பவரும், இந்த வானொலி என் வாழ்க்கைக்கு முக்கியம் என்று நினைப்பவருமே காசு கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி அவருக்கு உதவியிருந்தால், கேட்டவுடன் தருவார். உதவாவிட்டால் எவ்வளவு உருக்கமாகக் கேட்டும் பயனில்லை.

ஆனால் இந்த ஆய்வு முறையில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. அங்கேயே அந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. கேட்பவர் தொகையையே பார்த்துப் பார்த்து, சிறு கூட்டத்தினருக்கான நிகழ்ச்சிகளை நிலையங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தின என்றார்கள். எங்கள் மத்தியில் காணாமல் போன மகனைத் தேடும் தாய்க்கான நிகழ்ச்சி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியோடு எண்ணிக்கையில் போட்டி போட முடியாது. போட்டி போடவும் கூடாது. எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டால், அது யாருக்கு இல்லாமல் முடியாது என்றும் ஒருமுறை கேட்க வேண்டும்.

இலங்கையில் இதைக் கிராமத்தோடு சேர்ந்து செய்து பார்த்தவர்கள் உண்டு. 1981 இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலிக்கு டென்மார்க்கும் யுனெஸ்கோவும் உதவின. மகாவலிக் குடியேற்றங்களின் அரசியல் எங்களுக்குத் தெரிந்ததே, அது வேறு கதை. வானொலிக்காரர் செய்த வேலையை மட்டும் பாருங்கள். குழுவாகக் கிராமத்துக்குப் போய், சில நாட்கள் அங்கேயே தங்கி, சனத்தோடு சாப்பிட்டு, அவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்தார்கள். கேட்பவரே நிகழ்ச்சி ஆனார். அணைக்கட்டால் இடம்பெயர்ந்தவர்கள் வாழ்ந்த கொத்மலையில் 1989 இல் ஒரு சமூக வானொலி வந்தது. 1998 இல் அங்கே இணையம் வந்தபோது, ஊரவர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னார்கள். எங்களுக்கு எதிர்க்கரையில், பாம்பனில் 2016 இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவருக்கான வானொலி. கடல் நிலையும் காற்றும் அவர்களின் முதல் தேவை என்பதால் அதுவே நிகழ்ச்சியில் முதலிடம் பெற்றது.

நேயருக்கு உரிமையும் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். 1995 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியது. அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பங்கேற்கும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996 இல் தீர்ப்பு வந்தது. வெங்காயத் தோட்டத்து அக்காவுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும், அவவைப் பங்கேற்க விட்டிருந்தால்.

சரி, உங்கள் சங்கம் நாற்பது வீட்டில் ஒரு சிறு கணிப்பீடு செய்யப் போகிறது என்று வையுங்கள். சங்க உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். ஒழுங்கையில் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எண்ணிக்கொண்டு போங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்கு மாறாமல் பொழுதுபட்டபின் திரும்பவும் போங்கள். பகலில் பூட்டிக்கிடக்கும் வீட்டுப் பெண்தான் உங்களுக்கு வேண்டியவள். “வழமையாகக் கேட்பீங்களோ?” என்றால் எல்லோரும் ஓம் என்பார்கள். “நேற்று என்ன கேட்டனீங்கள், எப்ப, எங்கே நிண்டு?” என்று கேளுங்கள். “எங்கட நிகழ்ச்சி நல்லமோ?” என்று கேட்கவே வேண்டாம். தேத்தண்ணி தந்து நல்லம் என்றுதான் சொல்வார்கள்.

றேடியோ யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் போகும் பஸ்ஸில் அலைவரிசையைத் தெரிவு செய்பவர் சாரதி. தையல் கடையில் முதலாளி. வீட்டில் கைத்தொலைபேசி மகனிடம். அந்தப் பெண்ணுக்குத் தன் விருப்பப்படி கேட்கக் கிடைக்கும் அரை மணித்தியாலம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுதத் தெரியாதவருக்கு ஒரு தாளில் சூரியன், அடுப்பு, விளக்கு என்று படம் கீறிக் கொடுத்து, கேட்ட நேரத்தில் ஒரு புள்ளி போடச் சொல்லலாம்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், கணவருக்கு என்ன நடந்தது, இவை எதையும் கேட்கக் கூடாது. பட்டியல் என்றால் எங்கள் பெண்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு ஆண்கள் சுற்றிவர இருந்தால் இன்னொரு நாளுக்குப் போங்கள். 2009 இற்குப் பிறகு படிவத்தோடு வந்து கேட்டுப் போனவர்கள் எத்தனை பேர், திரும்பி வந்து முடிவைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அந்தச் சலிப்பு நியாயமானது. ஆகவே முடிவை அதே ஒழுங்கைக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.

அந்த முடிவை எடுத்துக்கொண்டு வானொலி நிலையத்துக்குப் போங்கள்: “எங்கள் பகுதியில் நாற்பது வீட்டில் இத்தனை பெண்கள் இரவு எட்டரைக்குக் கேட்கக்கூடியவர்கள், இந்த விடயத்தைக் கேட்கிறார்கள்.” அதே தாளோடு சந்திக் கடைக்காரரிடமும் கூட்டுறவுச் சங்கத்திடமும் போகலாம். தாயின் ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் கொடுக்கும் வெளிநாட்டுப் பிள்ளையிடம், அந்த நாளின் நிகழ்ச்சிக்கு அனுசரணை தருமாறு கேட்கலாம். தாயின் பெயர் காற்றில் வரும் என்றால் மறுப்பவர் குறைவு.

முதற்படியாக நாங்களே தொடங்குவோம். ஓர் அஞ்சலட்டையில் மூன்று விடயம் எழுதி அனுப்புங்கள்: நேற்று றேடியோவோ கைத்தொலைபேசியோ எந்த நேரம் உங்கள் கையில் இருந்தது, என்ன கேட்டீர்கள், எதைக் கேட்க விரும்பியும் கிடைக்கவில்லை. பெயர் போடத் தேவையில்லை, கிராமத்தின் பெயர் போதும். எழுதத் தெரியாத அயலவருக்காகவும் ஓர் அட்டை எழுதுங்கள். முகவரி பின் அட்டையில் உண்டு. வந்தவற்றை எண்ணி, அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே தருகிறேன்.